டோடோவும் மானும் கரும்பும்

மொரீஷியஸ் தீவின் அரசாங்க முத்திரையை நேயர்களிற் சிலர் பார்த்திருக்கலாம். நடுவே கேடயம், அதன் ஒரு புறம் டோடோ என்னும் பக்ஷி, மறு புறம் ஒரு மான். இரண்டும் தத்தம் பக்கத்தில் ஒரு கரும்பைத் தாங்கி நிற்கின்றன. இம்மூன்றனுள் அத்தீவுக்கே சொந்தமானது டோடோ ஒன்றுதான். அது இன்று உலகில் இல்லை. மானும் கரும்பும் 1639-ம் வருஷத்தில் டச்சுக்காரர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவை. ஒரு தீவின் சரித்திரத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் சித்திரம் வேறொன்றை நாம் கண்டதில்லை.

டோடோவின் கதையைப் பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பதுண்டு. பறக்கத் தெரியாமல், மனிதனைக் கண்டு ஓடவும் தெரியாமல் மடிந்த மூடப் பக்ஷி என்றே அவர்கள் அதனை எண்ணுகிறார்கள். ஆனால் மூடத்தனம் அதனுடையதன்று. வௌவாலைத் தவிர வேறு பாலூட்டிப் பிராணி எதுவும் அத்தீவின் நிலத்தில் தோன்றியதில்லை. பகை இல்லாத இடத்தில் பயம் எதற்கு? சிறகு எதற்கு? தரையிலேயே முட்டையிட்டு அது நிம்மதியாக வாழ்ந்துவந்தது. 1598-ல் டச்சுக் கப்பல்கள் வந்தன. மாலுமிகள் அடித்துத் தின்றவை கொஞ்சமே. கப்பல்களோடு வந்து இறங்கிய எலியும் பன்றியும் குரங்கும் முட்டைகளைத் தின்று தீர்த்தன. டோடோவை மனிதர் கடைசியாகக் கண்டது 1662-ல் என்பர். லட்சக்கணக்கான வருஷங்களில் உருவான ஓர் இனம் அழிவதற்கு அறுபத்து நான்கு வருஷங்கள் போதுமாயிருந்தன!

பின் வந்தவர்களும் இதனால் பாடம் கற்றார்களில்லை. எலியை ஒழிக்க வேண்டுமென்று 1900-ம் வருஷத்தில் நம் நாட்டுக் கீரியைக் கொண்டுபோய் விட்டார்கள். எலி ஒழியவில்லை; கீரி பக்ஷிகளையும் சேர்த்துப் பிடிக்கத் தொடங்கிற்று. அழகுக்கும் பழத்துக்குமாக நட்ட சீனக் கொய்யா காட்டினுள் புகுந்து, தீவின் இளமரங்கள் தலையெடுக்கவொட்டாமல் நெருக்குகிறது. காடு இருந்த இடமெல்லாம் கரும்புத் தோட்டமாயிற்று. சுதேசக் காட்டில் இன்று நல்ல நிலையில் எஞ்சியிருப்பது நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு.

அந்தக் கரும்புத் தோட்டங்களில் நம்மவரின் வியர்வையும் சிந்தியிருக்கிறது. 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களில் தமிழரும் பலர். அவர்கள் வழித்தோன்றல்கள் அத்தீவின் பிரஜைகளாய் இன்றும் தைப்பூசம் கொண்டாடுகிறார்கள்; அந்நாட்டுப் பண நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. ஆகவே இது எங்கோ நடந்த அயலார் கதை என்று நாம் ஒதுக்குவதற்கில்லை.

இனி, நம்பிக்கை தரும் பகுதிக்கு வருவோம். மொரீஷியஸ் வல்லூறு என்னும் சிறு வேட்டைப் பக்ஷி 1974-ல் நான்கே எஞ்சியிருந்ததாகக் கணக்கிட்டார்கள். காடு குறைந்தது ஒரு காரணம். கொசுவை ஒழிக்கத் தெளித்த டி.டி.டி. மருந்து மற்றொரு காரணம். இனி இதற்குப் பொருளும் உழைப்பும் செலவிடுவது வீண் என்று பலர் கருதினர். 1979-ல் அங்கு சென்ற கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞர் அவ்வாறு கருதவில்லை. முதலில் இட்ட முட்டைகளை எடுத்துவிட்டால் தாய்ப் பக்ஷி மறுபடியும் முட்டையிடும் என்பது அவருக்குத் தெரியும். எடுத்த முட்டைகளை யந்திரத்தில் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்துக் காட்டில் விட்டார். இன்று அவ்வல்லூறுகள் சில நூறு இருக்கின்றன. 1990-ஐ ஒட்டிக் காட்டில் பத்தளவாகக் குறைந்துவிட்ட ரோஜா நிறப் புறாவும் இன்று நானூறுக்கு மேல் பெருகியிருக்கிறது.

அருகிலுள்ள ரவுண்டுத் தீவில் செய்த காரியமும் இத்தகையதே. யாரோ விட்டுச் சென்ற ஆடுகளும் முயல்களும் அத்தீவின் பசுமையை மேய்ந்து, மண்ணைக் கடலுக்குள் கரையவிட்டன. 1979-ல் ஆடுகளும் 1986-ல் முயல்களும் அகற்றப்பட்டன; செடிகள் மீண்டும் தழைத்தன. ஆனால் அத்தீவுக்கே உரிய இருவகை மலைப்பாம்புகளுள் ஒன்றை 1975-க்குப் பிறகு எவரும் பார்க்கவில்லை. உதவி வந்தது, பதினோரு வருஷம் தாமதித்து வந்தது.

இவ்வளவு செய்த நாட்டிலேயே இன்னொரு வழக்கு தீராமல் இருக்கிறது. தீவின் பழந்தின்னி வௌவால் மாம்பழத்தையும் லிச்சிப் பழத்தையும் தின்கிறது என்பது தோட்டக்காரர்களின் முறையீடு. 2015-ல் அரசாங்கம் 30,000-க்கும் மேற்பட்ட வௌவால்களைக் கொல்வித்தது. அதன் பின்னும் இவ்வேட்டை நடந்தது. 2018-ல் சர்வதேசப் பட்டியலில் அவ்வினத்தின் அபாய நிலை ஒரு படி உயர்ந்தது.

தோட்டக்காரரின் நஷ்டம் மெய்யான நஷ்டம். அதை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் மரத்துக்கு வலை போர்த்தினால் பழமும் தப்பும், வௌவாலும் தப்பும். மிஞ்சியுள்ள காட்டு மரங்களின் விதையைச் சுமந்து சென்று தூவுவது அவ்வௌவாலே. அது போனால் அந்த வேலைக்கு எந்தக் கூலியாளை அமர்த்துவது? நான்கு வல்லூறுகளைச் சில நூறாக்க எத்தனை பேருடைய ஆயுட்காலம் செலவாயிற்று என்பதை அறிந்த நாடு அது. ஆயிரக்கணக்கில் இருக்கும்போதே காப்பது எளிது, சிக்கனமும்கூட.

அரசாங்க முத்திரையில் இடம் பெறுவது ஒரு பிராணிக்குப் பெருமைதான். டோடோவுக்கு அந்தப் பெருமை கிடைத்தது, அது அழிந்து இருநூறு வருஷத்துக்கு மேலான பிறகு. வௌவாலுக்கு வேண்டியது அத்தகைய பெருமையன்று. இருக்க ஒரு காடு.