நிழற்படக் காமிராவில் வீடியோ

ஒற்றை லென்சுப் பிரதிபலிப்புக் காமிராக்களில் வீடியோ எடுக்கும் வசதி 2008ஆம் ஆண்டில் நிக்கான் டி90 மூலம் முதன்முதலாக வந்தது. அதே ஆண்டில் வெளிவந்த கானன் 5டி மார்க் 2 காமிராவைக் கொண்டு, 2010இல் 'ஹவுஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதி முழுவதும் படமாக்கப்பட்டது.

ஆயினும், நிழற்படத்துக்குப் பழகிய கை வீடியோவில் தவறுவதுண்டு. ஓடும் நீரை 1/1000 விநாடியில் எடுத்தால் நிழற்படம் தெளிவாக அமையும். வீடியோவிலோ அசைவு விட்டுவிட்டுத் தோன்றும். விநாடிக்கு 25 படங்கள் பதிவாகும்போது, ஒவ்வொன்றுக்கும் 1/50 விநாடி ஒளி விழச் செய்தல் நலம். வெயிலில் ஒளி மிகுந்தால் லென்சின் துளையைச் சுருக்கலாம். நம் நாட்டு மின்விளக்குகளின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கக்கூடியது. 1/50 விநாடியில் இரு ஏற்றயிறக்கங்கள் முழுமையாக அடங்குவதால், படத்தில் மினுக்கமும் இராது. மறுமுறை காணக் கிடைக்காத காட்சியைப் பதிவு செய்வோர் இதனை முன்னரே சரிபார்த்துக்கொள்ளல் வேண்டும்.