ஒரே படம், பல மொழி!

தாஜ்மகாலின் படம் ஒன்று. அதைத் தமிழர் பார்க்கிறார், வங்காளி பார்க்கிறார், ஜப்பான்காரரும் பார்க்கிறார். அவரவர் மொழியில்தான் படிக்கிறார்கள். ஆனால் படம் ஒன்றே! அது எப்படி?

யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று 2001-ம் ஆண்டில் இணையத்தில் தொடங்கிய கலைக்களஞ்சியம் விக்கிப்பீடியா. இன்று அது 300-க்கும் அதிகமான மொழிகளில் இருக்கிறது.

முதலில் ஒரு தொல்லை இருந்தது. ஆங்கிலப் பதிப்பில் உள்ள படத்தைத் தமிழில் போடவேண்டுமானால், மறுபடியும் ஏற்றவேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் இதே வேலை!

பொதுக் கிடங்கு

2004-ல் வழி பிறந்தது. படங்களுக்கென்று "பொதுவகம்" ஏற்பட்டது. அங்கே ஒரு முறை படத்தை வைத்தால் போதும். எல்லா மொழிக்காரர்களும் எடுத்துக் கொள்ளலாம். காசு கிடையாது!

2012-ல் "விக்கித்தரவு" வந்தது. ஊரின் மக்கள் தொகை, தலைவர்கள் பிறந்த நாள் போன்ற விவரங்கள் அதில் இருக்கும். அங்கே ஓர் எண்ணை மாற்றினால், அதை எடுத்துக் காட்டும் எல்லா மொழிப் பக்கங்களிலும் மாறிவிடும். எழுதுவோர் குறைந்த மொழிகளுக்கு இது பெரிய உதவி.

ஆபத்தும் உண்டு

தவறான எண்ணை ஒருவர் போட்டுவிட்டால்? அந்தத் தவறும் பல மொழிகளுக்குப் போய்விடும்! அதனால்தான் ஆங்கிலப் பதிப்பில் எழுதுவோர் இதை அளவோடு பயன்படுத்துகிறார்கள். "ஆதாரம் எங்கே?" என்று கேட்கிறார்கள்.

ஊருக்குப் பொதுக் கிணறு இருந்தால் வீட்டுக்கு வீடு தோண்டவேண்டாம். ஆனால், அந்தக் கிணற்றைச் சுத்தமாக வைத்திருப்பது எல்லோருடைய பொறுப்பு!