மலைமாட்டை அளந்தறிதல்

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலேறினால் செம்மேட்டைச் சூழ்ந்து வாழவந்தி நாடு கிடக்கிறது. நாடு என்றதும் நேயர்கள் பெரியதொரு தேசத்தை எண்ணிவிட வேண்டா. சில சிற்றூர்கள் கூடிய மலைப்பகுதியே அது. சாமையும் கேழ்வரகும் விளையும் இச்சரிவுகளில் வளரும் மாடுகள் சமவெளி மாடுகளை நோக்கச் சிறியன. கீழிருந்து வருவோர் அவற்றைக் கண்டு உதட்டைப் பிதுக்குவதுண்டு. கால்நடை விஞ்ஞானிக்கு அவ்வுரிமை இல்லை. அளந்த பின்னரே அவர் வாய் திறக்க வேண்டும்.

மருத்துவர் வேறு, இவர் வேறு. நோயுற்ற மாட்டைக் குணப்படுத்துவது முன்னவர் பணி. நோயற்ற மாடு எதைத் தின்கிறது, அதில் எவ்வளவு செரிக்கிறது, எத்தனை மாத இடைவெளியில் ஈனுகிறது என்று ஆராய்வது பின்னவர் பணி. இருவரும் பெரும்பாலும் ஒரே வகைக் கல்லூரியிற் பயின்றவர்களே. சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு தோன்றிய கல்லூரி பழையது. மலையடிவாரத்தைச் சார்ந்த நாமக்கல்லில் 1985-இல் ஒன்று தோன்றியது. இவற்றை உள்ளடக்கிய கால்நடைப் பல்கலைக்கழகம் 1989-இல் அமைந்தது.

இனி, அளக்கும் முறையைக் காண்போம். மலையூர் தோறும் எடைமேடைக்கு எங்கே போவது? ஒரு நாடாவே போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்பின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்குக. தோள்முனையிலிருந்து பின்னிடுப்பெலும்பின் முனைவரை உள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் எடை பவுண்டில் கிடைக்கும். சுற்றளவு 50, நீளம் 42 எனில் விடை 350 பவுண்டு. ஏறக்குறைய 159 கிலோ. (பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கணக்கு ஏது?) குடற்புழு மருந்தின் அளவும் இவ்வெடையைப் பொறுத்ததே.

வயதறியப் பல்லைப் பார்ப்பர். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று நம் உழவர் சொல்வதை விஞ்ஞானம் அப்படியே ஏற்கிறது. சுழி பார்ப்பதை மட்டும் அது ஏற்கவில்லை.

செரிமானத்தை அறிவதோ பொறுமையைச் சோதிக்கும் வேலை. மாட்டுக்கு இடும் சாமைத்தாளை நிறுக்க வேண்டும். தின்னாமல் மிஞ்சியதை நிறுக்க வேண்டும். இரவு பகலாகச் சாணம் முழுவதையும் சேர்த்து, உலர்த்தி, அதையும் நிறுக்க வேண்டும். ஒரு வாரம் இவ்வாறு செய்து, தின்றதிலிருந்து கழிந்ததைக் கழித்தால் உடலிற் சேர்ந்தது புலப்படும். பட்டம் பெற்ற இளைஞர் சாணக் கூடையுடன் நிற்பதைக் கண்டு சிரிப்பவர் இதன் பயனை அறியாதவர்.

பயன் யாது? பசுவொன்று நாள்தோறும் தன் எடையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவில் உலர்தீவனம் தின்னும் என்பது பொதுக்கணக்கு. நாம் அளந்த சிறு பசுவுக்கு நான்கு கிலோ போதும். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்குப் பத்துக் கிலோ வேண்டும். பாலை மட்டும் எண்ணி முன்னதை விற்றுப் பின்னதை வாங்கிய மலைவாழ் குடும்பம், கோடையில் மீதி ஆறு கிலோவுக்கு எங்கே செல்லும்? பசுந்தீவனமும் தண்ணீரும் உள்ள வீட்டுக்குக் கலப்பினம் பொருந்தலாம். அவ்விரண்டும் இல்லாத சரிவில் அது கடனாகவே முடியும் என்பது என் துணிபு.

ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையைப் பாருங்கள். செந்நிறத்தில் வெண்திட்டுகள் கொண்ட அவ்விடத்து மாடு பால் சிறிதே தரும். ஆனால் காட்டு மேய்ச்சலிலேயே வளர்ந்து, விரைந்த நடையுடன் வேலை செய்யும். அதனைத் தனியினமாகப் பதிந்துள்ளனர். அதற்கென ஆராய்ச்சி நிலையமும் அங்கு உண்டு. இத்தகைய பதிவைச் செய்வது கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம். நிறம், கொம்பு, உடலளவு, பால், ஈற்றிடைவெளி ஆகிய யாவும் அங்கே எழுத்தில் வேண்டும். கொல்லிமலையில் இவ்வேலையை மேற்கொள்பவர் மழைக்காலத்தில் ஒருமுறையும் கடுங்கோடையில் ஒருமுறையும் நாடாவை எடுக்க வேண்டும். புல் செழித்த மாதத்தில் மட்டும் அளந்தால் அதே பசு தன் உண்மை எடையினும் கூடுதலாகவே கணக்கில் ஏறும்.