வீடு நரேலாவில், வியாபாரம் ஜங்புராவில்

புதுதில்லி: ஜங்புராவை ஒட்டிய பாரபுல்லா கால்வாய்க் கரையில் சுமார் அறுபது ஆண்டுகளாகத் தமிழர்கள் வாழ்ந்துவந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1-ம் தேதி இடிக்கப்பட்டது. மழைக்கால வெள்ளத்தைத் தவிர்க்கக் கால்வாயைத் தூர்வார வேண்டும் என்பதால், தில்லி உயர் நீதிமன்றம் மே 9-ம் தேதி பிறப்பித்த உத்தரவின்படி எடுக்கப்பட்ட நடவடிக்கை அது. கணக்கெடுக்கப்பட்ட 370 குடும்பங்களில் 189 குடும்பங்கள் மட்டுமே நரேலா அடுக்குமாடி வீடுகளுக்குத் தகுதி பெற்றன. எஞ்சிய 181 குடும்பங்கள் பட்டியலில் இல்லை.

வீட்டைப் பற்றி நிறையவே பேசியாகிவிட்டது. பிழைப்பைப் பற்றிய பேச்சு குறைவு. கேம்ப் பெண்கள் பலர் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்தனர். ஆண்கள் சிலர் இட்லி, தோசை விற்றனர். அரசுக் கோப்புகளின் மொழியில் இவர்களும் தொழில்முனைவோரே.

இத்தகையோருக்கும் இவர்களுடைய பிள்ளைகளுக்கும் மத்திய அரசின் திட்டங்களில் குறைவில்லை. 1993-ல் தொடங்கிய பிரதமரின் ரோஜ்கார் யோஜனா 2008-ல் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் இணைக்கப்பட்டது. 2015-ல் முத்ரா, 2016-ல் ஸ்டார்ட்-அப் இந்தியா. தெரு வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன் திட்டம் 2020 ஜூன் 1-ம் தேதி தொடங்கப்பட்டது; சரியாக ஐந்தாண்டு கழித்து அதே தேதியில்தான் மதராசி கேம்ப்பில் புல்டோசர் நுழைந்தது. 2025 ஆகஸ்டில் மாற்றியமைக்கப்பட்ட ஸ்வநிதியில் முதல் தவணையாக ரூ. 15,000, அதைத் திருப்பிச் செலுத்தினால் ரூ. 25,000, பிறகு ரூ. 50,000 கிடைக்கும்.

இத்திட்டங்கள் பெரும்பாலும் முதலீட்டைப் பணமாகவே பார்க்கின்றன. ஆனால், தள்ளுவண்டிக்காரரின் பெரிய முதலீடு அவர் நிற்கும் இடமும், காலையில் அங்கு வந்து சாப்பிடும் வாடிக்கையாளர்களும்தான். ஸ்வநிதிக் கடனுக்கே உள்ளாட்சி அமைப்பின் வியாபாரச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ தேவை. நரேலாவோ ஜங்புராவிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், தில்லி மாநகராட்சியின் தனி மண்டலமாக உள்ளது. விடியுமுன் மாவையும் சாம்பாரையும் சுமந்துகொண்டு அங்கிருந்து பழைய இடத்துக்கு வந்து கடை போடுவது நடக்கிற காரியமல்ல.

தில்லி அரசின் 2015-ம் ஆண்டு குடிசைவாசிகள் மறுவாழ்வுக் கொள்கையும் இதைக் கவனிக்கவில்லை. குடிசையின் ஒரு பகுதியில் கடை நடத்தியவருக்குக் கிடைப்பது ஒரு வீடு மட்டுமே, கடைக்கு ஈடு கிடையாது. முழுவதும் கடையாக இருந்தால் வீடும் இல்லை. ஒரு துறை சுயதொழில் செய்யச் சொல்லிக் கடன் கொடுக்கிறது. இன்னொரு துறையின் கணக்கில் அந்தத் தொழிலே இல்லை. பட்டியலில் விடுபட்ட 181 குடும்பங்களின் நிலை இதைவிட மோசம். வாடகை வீடு தேடி அலையும் இளைஞர் வங்கியில் எந்த முகவரியைக் காட்டுவார்?

தமிழகம் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்புதான். ஆனால், வேலையற்ற இளைஞர்கள் தொழில் தொடங்க 25 சதவீத மானியத்துடன் கடன் பெற உதவும் அம்மாநிலத் திட்டத்தில், விண்ணப்பதாரர் மூன்றாண்டுகளாவது தமிழகத்தில் வசித்திருக்க வேண்டும் என்பது விதி. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த கேம்ப் இளைஞர், தில்லியில் மதராசி. தமிழகத்திலோ மூன்றாண்டு காத்திருக்க வேண்டிய வெளியூர்க்காரர். மதராசி கேம்ப் குடும்பங்களுக்கு மட்டுமாவது இவ்விதியைத் தளர்த்தச் சென்னையிலிருந்து ஓர் அரசாணை போதும்.

தில்லியில் செய்யக்கூடியதும் இருக்கிறது. 2014-ம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்கச் சொல்கிறது. அதை நடத்த வேண்டிய நகர வியாபாரக் குழுவில் 40 சதவீத இடங்கள் வியாபாரிகளுக்கே உரியவை. நரேலா குடியிருப்பின் வாசலில் வியாபாரத்துக்கு இடம் ஒதுக்கி, கேம்ப்பிலிருந்து வந்தவர்களுக்குச் சான்று வழங்க அக்குழு பரிந்துரைக்கலாம். புதிய சட்டம் எதுவும் அதற்குத் தேவையில்லை.