மூன்று மீட்டர் கேபிளும் ஒரு புதிய பிக்கப்பும்

நைனார்பாளையம் வாசகர் ஒருவரின் கேள்வி இது: இன்னிசைக் கச்சேரிகளில் வாசிக்கும் பழைய ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டாரிலிருந்து பிக்கப்பைக் கழற்றிவிட்டு, இப்போது விற்கிற விலையுயர்ந்த பிக்கப் ஒன்றைப் பொருத்தினால் ஒலி மேம்படுமா? சுருக்கமான பதில்: பழைய பிக்கப் உயிரோடு இருக்கும்வரை மாற்ற வேண்டாம். பழைய பொருள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிக்கப்பை மாற்றும்போது உண்மையில் எது மாறுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், அதில் பெரும்பகுதியைச் சில நூறு ரூபாயில், பிடிக்காவிட்டால் மறுநாளே பழைய நிலைக்குத் திருப்பிவிடக்கூடிய வழியில் செய்துவிடலாம் என்று தெரியும். விளம்பரங்கள் ‘கதகதப்பான’, ‘கொழுத்த’, ‘கனிந்த’ என்று ஒலியை வருணிக்கின்றன. ஹென்றி, ஃபாரட் என்ற இரண்டு அலகுகளை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. வாசகருக்கான விடை அந்த இரண்டில்தான் இருக்கிறது.

காந்தத்தின் மேல் இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப்பாயம் மாறும், சுற்றியுள்ள செம்புச் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்பது பள்ளிப் பாடம், அதைத் தாண்டிவிடலாம். பாடப்புத்தகம் சொல்லாமல் விடுவது, அந்த மின்னழுத்தம் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வழியில் நடப்பதை. பிக்கப் என்பது தலைமுடியைவிடப் பெரிதும் தடிமனில்லாத கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருள். பிரிசிஷன் பேஸ் பிக்கப்பின் மின்தூண்டல் எண் சுமார் 6 ஹென்றி; மின்னணு உலகில் இது பெரிய எண். அதிலிருந்து புறப்படும் கேபிளோ, நடுக்கம்பியும் சுற்றியுள்ள வலையும் எதிரெதிர்த் தகடுகளாக நிற்கும் ஒரு நீளமான மின்தேக்கி. மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று கொண்டால், 6 மீட்டர் கேபிளுக்கு 600. சுருளும் மின்தேக்கியும் சேர்ந்தால் ஓர் ஒத்ததிர்வு உண்டாகும். அந்த அதிர்வெண்ணுக்கு அருகே ஒலி தூக்கலாக வரும். அதற்கு மேலே சரசரவென்று விழுந்துவிடும். ‘இந்த பிக்கப்பின் குணம்’ என்று வாசிப்பவர்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒற்றை மேடுதான்: அது எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம்.

சின்னசேலம் பக்கத்துச் சாலையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றிப் போகிற சின்ன யானை வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேடு பள்ளம் தந்தியின் அதிர்வு. மூட்டைகளின் எடை சுருளின் ஹென்றி. சக்கரத்துக்கு மேலுள்ள ஸ்பிரிங்கின் தளர்ச்சி கேபிளின் ஃபாரட். மேலே நிற்கும் மூட்டையின் ஆட்டம்தான் நமக்குக் கேட்கும் ஒலி. நீண்டு மெதுவாக ஏறி இறங்கும் மேட்டில் வண்டியும் மூட்டையும் சேர்ந்தே ஏறி இறங்கும். அது தாழ்ந்த சுரம், அப்படியே வந்துசேரும். ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் வரும் குண்டும் குழியும் ஸ்பிரிங்கின் இயல்பான ஆட்டத்தோடு பொருந்திவிட்டால் மூட்டை துள்ளும். அதுதான் நம் மேடு. பொடிக் கற்களை மூட்டை உணர்வதே இல்லை. அவை மிக உயர்ந்த மேற்சுரங்கள், வழியிலேயே செத்துவிடும். பாதி மூட்டையை இறக்கிவிட்டால் துள்ளும் இடம் மாறும். மூட்டையைத் தொடாமல், இரண்டு மடங்கு விறைப்பான ஸ்பிரிங் போட்டாலும் அது சரியாக அதே இடத்துக்குத்தான் மாறும். இந்த ஒப்புமை வெறும் சித்திரமில்லை. வண்டிக்கும் சுருளுக்கும் சமன்பாடே ஒன்று. வால்யூம் குமிழின் 250 கிலோஓம் மின்தடையை ஷாக் அப்சார்பர் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. துள்ளலை அடக்கும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது, ஆனால் பொருத்தப்பட்டிருக்கும் இடம் வேறு. ஒப்புமையை அங்கேயே இறக்கிவிடுவோம்.

இப்போது எண்கள். சுருளுக்குள்ளேயே இருக்கும் சிறு மின்தேக்குத் திறனை ஒதுக்கிவிட்டால், 6 ஹென்றியும் 600 பிக்கோஃபாரடும் சேர்ந்து மேட்டைச் சுமார் 2,650 ஹெர்ட்ஸில் நிறுத்துகின்றன. 3 ஹென்றி பிக்கப் வாங்கிப் பொருத்தினால் மேடு 3,750-க்கு ஏறும். ஒலி ‘தெளிவாக’, ‘திறந்து’ கேட்கும். பிக்கப்பைத் தொடாமல் 6 மீட்டர் கேபிளைக் கழற்றி 3 மீட்டர் கேபிளை மாட்டினாலும் மேடு அதே 3,750-க்குத்தான் ஏறும். எதிர்ப்பக்கமும் அப்படியே. சுற்றுகளைக் கூட்டிய ‘கொழுத்த’ பிக்கப் என்கிறார்களே, மின்தூண்டல் எண் சுற்றுகளின் வர்க்கத்தைப் பொறுத்தது. 22 சதவீதம் அதிகம் சுற்றினால் ஹென்றி ஒன்றரை மடங்காகும், ஒலியளவோ 2 டெசிபெல்கூடக் கூடாது. அந்தக் கொழுப்பு வேண்டுமானால் பழைய பிக்கப்போடு 300 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தால் போதும்; மேடு அதே 2,170 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். அதன் விலை சில ரூபாய். வயர்லெஸ் கருவி மாட்டியதும் கிட்டார் திடீரென்று கூர்மையாகிவிட்டது என்று வியப்பவர்களுக்கும் இதே விளக்கம்தான்: நீண்ட கேபிள் போய்விட்டது, மேடு மேலே ஏறிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். பேஸின் தாழ்ந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். இருபதாவது கட்டையில் ஜி தந்தியை அழுத்தினாலும் அடிப்படைச் சுரம் 311 தான். நாம் விவாதிக்கும் மேடு அதற்கெல்லாம் வெகு மேலே, விரல் உரசலும் மேற்சுரங்களும் வாழும் இடத்தில் நிற்கிறது. டோன் குமிழை முழுக்கக் குறைத்தாலோ, 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி உள்ளே வந்து அந்த மேட்டை 300 ஹெர்ட்ஸுக்கே இழுத்துப்போகிறது. கிட்டாரில் ஏற்கெனவே இருக்கும் ஒரு குமிழ் செய்கிற மாற்றத்துக்கு முன் பிக்கப் மாற்றம் சிறியது.

வரலாறு கொஞ்சம் வேண்டும், ஏனென்றால் வாசகரின் கிட்டார் எந்த வகை என்பது அதில் இருக்கிறது. லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை 1951-ல் ஒற்றைச் சுருளோடு வெளியிட்டார். 1957-ல் சுருளை இரண்டாகப் பிளந்து, இரண்டிலும் காந்தமுனையையும் சுற்றும் திசையையும் எதிரெதிராக வைத்ததும், தந்தியின் ஒலி கூடி, வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் தனித்தனி ஒற்றைச் சுருள்கள் இரண்டு. இவ்வளவு போதும்.

காதுக்கு வித்தியாசம் தெரிகிறதே என்ற மறுப்பு நியாயமானது. வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் புதிய பிக்கப்பை மாட்டும்போது புதுத் தந்திகளையும் போடுகிறார்கள், பிக்கப்பின் உயரமும் மாறிவிடுகிறது. பழைய தந்திக்கும் புதிய தந்திக்கும் உள்ள வேறுபாடு மேற்சொன்ன எல்லாவற்றையும் விடப் பெரிது. உயரத் திருகாணியைக் கொஞ்சம் திருகி பிக்கப்பைத் தந்திக்கு அருகே கொண்டுவந்தாலே ஒலியளவு கூடும், ஒரு டெசிபெல் கூடினாலே காது அதைத் ‘தரம்’ என்று எடுத்துக்கொள்ளும். ஒலியளவைச் சமப்படுத்தி, எது எதென்று தெரியாமல் கேட்டுச் சொல்லும் ஒப்பீட்டை விளம்பரங்கள் காட்டுவதில்லை. மோடவுன் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ம் ஆண்டு பிரிசிஷன் பேஸை அப்படியே வைத்துக்கொண்டு, தட்டைத் தந்திகளையும் மாற்றாமல் வாசித்தவர். நம் ஊரில் இந்த ஆசையின் ஊற்று பெரும்பாலும் எண்பதுகளின் இளையராஜா பாடல்கள். சசிதரனின் பேஸ் அவற்றில் அடித்தளமாக மட்டும் நிற்காமல் தனி மெட்டாகவே நடக்கிறது. அந்த ஒலி வேண்டும் என்று ஏங்குவதில் தவறே இல்லை. ஆனால் எழுதிய சுரவரிசை, விரல், தந்தி, நாடா, கலவை மேசை எல்லாம் சேர்ந்த ஒலி அது. ஒரு சுருளை மட்டும் கடையில் வாங்கி அதை வரவழைக்க முடியாது.

காந்தம் வயதாகிச் சோர்ந்துவிடும் என்ற பயத்துக்கும் அடிப்படை குறைவு. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோ காந்தம் வலுவான வேறு காந்தத்தின் அருகே போகாதவரை பல பத்தாண்டுகளில் இழப்பது மிகக் கொஞ்சம். திருவிழா மேடையின் இரைச்சல் வேறு விஷயம். ஜெனரேட்டர், சீரியல் செட், டிம்மர் எல்லாம் பத்தடிக்குள் இருக்கும்போது 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் காற்றிலேயே மிதக்கும். ஜாஸ் பேஸில் ஒரு சுருளை மட்டும் திறந்து வாசிப்பவருக்கு இது உண்மையான தொல்லை. இரைச்சல் நீக்கும் பிக்கப் வாங்க அது தக்க காரணம், பழையதைப் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டால் சரி. ஆனால் 1957-க்குப் பிந்தைய அமைப்புள்ள பிரிசிஷன் பேஸில் அந்த வேலையைப் பிளந்த சுருள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. அது இரைந்தால், எர்த் இல்லாத பிளக், அறுந்த கேபிள் வலை, பிரிட்ஜுக்குப் போகும் விட்டுப்போன எர்த் கம்பி ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உட்குழியில் செம்புத் தகடு ஒட்டுவதும் உதவும்.

பேட்டரியில் இயங்கும் பிக்கப் வகை மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. குறைந்த சுற்றுகளும் உள்ளேயே ஒரு சிறு பெருக்கியும் இருப்பதால் கேபிளின் நீளம் அதைப் பாதிப்பதில்லை. ஒலி நிஜமாகவே வேறு. ஆனால் 9 வோல்ட் பேட்டரிக்கு இடம் வேண்டுமென்று பழைய மரத்தைக் குடைய நேர்ந்தால் அதைத் திரும்ப நிரப்ப முடியாது. சமீபத்தில் தொழிற்சாலையிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்த கிட்டாரில் அதைத் தாராளமாகச் செய்து பார்க்கலாம். பழையதில் பிக்கப் செத்துவிட்டது என்ற சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பிரிசிஷன் பேஸ் பிக்கப் பத்து, பதினோரு கிலோஓம் பக்கம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஈரத்தில் அரித்து எங்கோ ஒரு சுற்று அறுந்திருக்கும். அப்போதும் காந்தத்தையும் சட்டத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதே தடிமன் கம்பியால் அதே எண்ணிக்கையில் மறுபடி சுற்றித்தரச் சொல்லுங்கள். 6 ஹென்றி திரும்ப வந்துவிடும்.