பழைய பிழைதிருத்தியும் புதிய செயலியும்

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியின் துருவ அச்சு, தரைமட்டத்துக்குச் சுமார் 12½ பாகை சாய்வாக அமைந்துள்ளது. அவ்விடத்தின் அட்சரேகையும் அதுவே. அதையே நைனிதாலில் நிறுவுவதானால், சாய்வைச் சுமார் 29½ பாகையாக்க வேண்டும். ஆடியைத் தொட வேண்டியதில்லை.

அத்தொலைநோக்கி இயங்கத் தொடங்கிய 1986-இல்தான் ரிச்சர்டு ஸ்டால்மன் ஜி.டி.பி. என்னும் பிழைதிருத்தியை எழுதினார். ஓடும் நிரலை வேண்டிய இடத்தில் நிறுத்தி, உள்ளே நடப்பதைக் காட்டும் மென்பொருள் அது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலிகள் பின்பற்றும் ரிஸ்க்-வி ஆணைத் தொகுப்போ 2010-இல் தோன்றியது. அதற்காக ஜி.டி.பி.யை முழுவதும் திரும்ப எழுதவில்லை. 2018-இல் அச்சை மட்டும் மாற்றினார்கள் எனலாம்: பதிவகங்கள் எத்தனை, நிறுத்தும் ஆணை எது என்பன போன்ற விவரங்களைச் சேர்த்தார்கள்.

நிரலை எப்படி நிறுத்துவது? அவ்விடத்து ஆணையை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே 'ஈபிரேக்' என்னும் ஆணையை எழுத வேண்டும். செயலி நின்றபின் பழையதைத் திரும்ப வைத்துவிடலாம்.

இங்கேதான் ஒரு வம்பு. ரிஸ்க்-வியில் 4 பைட்டு ஆணைகளோடு 2 பைட்டு ஆணைகளும் கலந்து வரலாம். 2 பைட்டு ஆணையின்மேல் 4 பைட்டு ஈபிரேக்கை எழுதினால், அடுத்த ஆணையும் அழியும். வேறு வழியாக அதற்குத் தாவிவரும் நிரல், ஈபிரேக்கின் பின்பாதியில் விழுந்து தடுமாறும். பிழை தேடப் போன கருவியே பிழை செய்வதா? ஆகவே 2 பைட்டு ஈபிரேக்கும் உண்டு. எதை எழுதுவதென்று அறிய, ஜி.டி.பி. முதலில் அங்குள்ள ஆணையைப் படிக்கிறது: அதன் கடைசி இரண்டு பிட்டுகளும் 1 என்றால் பெரியது, இல்லையேல் சிறியது.