மலர் விருந்தும் இலைத் தொட்டிலும்
(வீட்டுத் தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சிகள்)

தோற்றுவாய்

வண்ணத்துப்பூச்சியை விரும்பாதார் இலர்; அதன் புழுவை விரும்புவார் மிக அரியர். செம்பருத்தியின் மேல் சிறகடிக்கும் பூச்சியை வியந்து நோக்கும் அதே கண்கள், கறிவேப்பிலைக் கொழுந்தைத் தின்னும் பச்சைப் புழுவைக் கண்டவுடன் பூச்சி மருந்தைத் தேடுகின்றன. இரண்டும் ஓர் உயிரே என்பதை நாம் அனைவரும் பள்ளிப் பாடநூலிலேயே படித்திருக்கிறோம். படித்த பின்னரும் ஒன்றைப் போற்றுகிறோம், மற்றொன்றை நசுக்குகிறோம். பூச்செடிகளை வரிசை வரிசையாக நட்டு வளர்த்தும், "முன்போல் பட்டாம்பூச்சிகள் வருவதில்லையே" என வருந்துவோர் பலர். அவ்வருத்தத்திற்குரிய விடை பூவில் இல்லை, இலையில் இருக்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூவும் இலையும்

வண்ணத்துப்பூச்சியின் வாழ்வு முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுடைய பூச்சி என நான்கு நிலைகளை உடையது. இவற்றுள் உண்டு வளரும் நிலை புழு நிலை ஒன்றேயாகும். சிறகு பெற்ற பூச்சிக்குக் கடித்து உண்ணும் வாய் கிடையாது. கடிகாரக் கம்பிச்சுருள் போலச் சுருண்டு கிடக்கும் உறிஞ்சுகுழல் மட்டுமே உண்டு. அக்குழலால் அது தேனையும் நீரையும் பருகிப் பறக்கும் ஆற்றலைப் பெறுகிறது, ஆனால் வளர்வதில்லை. நாம் காணும் சிறிய வண்ணத்துப்பூச்சி பெரிய வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு அன்று. அது சிற்றினம், அவ்வளவே. அதன் உடலும் சிறகும் புழுவாக இருந்த நாளில் உண்ட இலையால் ஆனவை.

எனவே பூ என்பது வழிப்போக்கருக்கு இடும் விருந்து. இலை என்பது பிள்ளையை வளர்க்கும் தொட்டில். விருந்து மட்டும் உள்ள தோட்டத்திற்கு வண்ணத்துப்பூச்சி வரும், பருகும், போகும். தொட்டிலும் உள்ள தோட்டத்திலேயே அது பிறக்கும்.

தாய் தேடும் இலை

எந்த இலையாயினும் புழு தின்னும் என்று எண்ணுதல் தவறு. ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சி இனத்திற்கும் அதற்கென வரையறுக்கப்பட்ட சில செடிகளே உணவாகும். அச்செடி கிடையாதபோது புழு பட்டினி கிடந்து மாயுமேயன்றிப் பிறிதொன்றைத் தொடாது. ஆதலின் முட்டையிட வரும் தாய்ப்பூச்சி பெரிதும் ஆராய்ந்தே இடத்தைத் தேர்கிறது. ஒரு செடியில் அமர்ந்து, முன்கால்களால் இலையைத் தட்டித் தட்டிப் பார்ப்பதைப் பொறுமையுடையோர் காணலாம். வண்ணத்துப்பூச்சிக்குக் கால்களிலும் சுவையுணர்வு உண்டு. இலையின் வேதிப்பொருளை அவ்வாறு அறிந்து, தக்க செடியென உறுதி செய்த பின்னரே முட்டையிடும். தான் உண்ணாத இலையைத் தன் மகவுக்காகத் தேர்ந்தெடுக்கும் இவ்வறிவு வியக்கத்தக்கது.

நம் வீடுகளிலும் தெருவோரங்களிலும் உள்ள செடிகளில் எவை எவற்றிற்குத் தொட்டிலாகின்றன என்பதைச் சிறிது நோக்குவோம். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நாரத்தையும் வில்வமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும் இக்குடும்பச் செடிகளையே நாடுகின்றன. எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் பிறக்கிறது. கொன்றை, ஆவாரை, தகரை முதலியவற்றில் மஞ்சளும் வெண்மையுமான பூச்சிகள் பல பிறக்கின்றன. அரளியிலும் நன்னாரியிலும் வெண்புள்ளிக் கருப்பன் வளர்கிறது. அதன் கூட்டுப்புழு வெள்ளி முலாம் பூசியது போல ஒளிவிடும். ஆமணக்கிலும் புல்லிலும் வளரும் இனங்களும் உள.

தமிழ் பயில்வோர் இங்கு ஒன்றைக் கருதுதல் தகும். மடலேறத் துணிந்த தலைவன் எருக்கம்பூவும் ஆவிரம்பூவும் சூடுவதாகச் சங்க அகப்பாடல்கள் கூறும். பிறர் விரும்பிச் சூடாத பூக்கள் அவை. இன்றும் அவ்விரு செடிகளையும் நாம் களையென்றே பிடுங்குகிறோம். மனிதர் ஒதுக்கிய அவ்விரண்டும் வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பிறந்தகமாக விளங்குகின்றன. அவ்வாறே, ஆடும் தீண்டாத செடி என்னும் பொருளில் நம் முன்னோர் ஆடுதீண்டாப்பாளை எனப் பெயரிட்ட நச்சுச் செடியையே சிவந்த உடலுடைய அழகிய கரும்பூச்சிகள் இரண்டினங்கள் தம் புழுக்களுக்கு உணவாகக் கொள்கின்றன.

ஒரு மாத நாடகம்

கறிவேப்பிலைச் செடியொன்று வீட்டில் இருப்பின், இவ்வாழ்க்கை முழுவதையும் ஏறத்தாழ ஒரு மாதத்தில் கண்ணாரக் காணலாம். இளங்கொழுந்தின்மேல் கடுகளவான வெளிர்மஞ்சள் முட்டை ஒன்று தனித்து ஒட்டியிருக்கும். மூன்று நான்கு நாட்களில் அதனின்று வெளிப்படும் புழு பெரும்பாலும் முதலில் உண்பது தன் முட்டையோட்டையே ஆகும். பின்னர் இலையைத் தின்னத் தொடங்கும். அதன் தோல் உடலோடு சேர்ந்து வளராது. ஆகையால் இறுகிய சட்டையைக் களைவது போல நான்கு முறை தோலுரிக்கும்.

இளம் புழு பழுப்பும் வெண்மையும் கலந்து, இலைமேல் விழுந்த பறவையின் எச்சம் போலவே தோன்றும். எச்சத்தை எப்பறவையும் கொத்தாது. கடைசி முறை தோலுரித்த பின் அது இலையோடு இலையாய் மறையும் பச்சை நிறத்தைப் பெறும். அப்பொழுது மெல்லத் தீண்டினால் தலைக்குப் பின்னிருந்து செந்நிறம் கலந்த, கவை போன்ற உறுப்பொன்றை நீட்டிக் கடுமணம் வீசும். அஞ்சற்க, அஃது எறும்பையும் குளவியையும் விரட்டும் படைக்கலமே, நமக்குத் தீங்கு செய்யாது. உடலெங்கும் மயிருடைய கம்பளிப்பூச்சிகள் வேறு. அவற்றுள் பலவும் அந்துப்பூச்சியின் புழுக்கள். அவற்றைத் தொடாதிருத்தல் நன்று.

ஏறத்தாழ இரண்டு வாரங்களில் புழு உண்பதை நிறுத்தும். தக்க கிளையொன்றில் வாலைப் பட்டு நூலால் ஒட்டி, இடையில் ஒரு நூற்கயிற்றைக் கட்டிச் சாய்ந்து நிற்கும். பின் இறுதித் தோலையும் களைந்து கூட்டுப்புழுவாகும். பச்சை இலைகளிடையே உள்ள கூடு பச்சையாகவும், காய்ந்த குச்சியில் உள்ளது பழுப்பாகவும் அமைவதுண்டு. வெளியே அசைவின்மை, உள்ளேயோ பெருமாற்றம். புழுவின் உடல் திசுக்களில் பெரும்பகுதி கரைய, முன்னரே சிற்றரும்புகளாய் அடங்கியிருந்த உயிரணுத் தொகுதிகளிலிருந்து சிறகும் காலும் கண்ணும் உருவாகின்றன.

ஒரு காலைப் பொழுதில் கூடு வெடிக்கும். நனைந்து சுருங்கிய சிறகுகளுடன் வெளிவரும் பூச்சி தலைகீழாகத் தொங்கி, உடல் நீரைச் சிறகு நரம்புகளுள் செலுத்தி அவற்றை விரிக்கும். இந்நேரத்தில் இரக்கப்பட்டுக் கூட்டைப் பிரித்து உதவுதல் கூடாது. சிறகு செம்மையாக விரியாமற் போகலாம். காத்திருந்து காண்பதே நாம் செய்யத்தக்க உதவி.

இவ்வரலாற்றை முறையாக நோக்கி உலகிற்கு உணர்த்தியோருள் ஒருவர் செருமானிய நாட்டு ஓவியர் மரியா சிபில்லா மேரியன் (1647–1717). இளமையிலேயே பட்டுப்புழுக்களை வளர்த்து ஆராய்ந்த அவர், 1699ஆம் ஆண்டில் தம் 52ஆம் வயதில் தென்னமெரிக்காவின் சுரினாம் நாட்டிற்குக் கடல் கடந்து சென்றார். அங்குக் கண்டவற்றை 1705இல் நூலாக வெளியிட்டார். முட்டை, புழு, கூடு, பூச்சி ஆகியவற்றை அவை வாழும் செடியோடு சேர்த்தே அவர் வரைந்தார். பூச்சியைச் செடியினின்று பிரித்துக் காணலாகாது என்னும் உண்மை அவ்வோவியங்களில் அடங்கியுள்ளது.

நஞ்சும் நாடகவேடமும்

எருக்கம்பாலில் நஞ்சு உண்டு. அவ்விலையை உண்ணும் வெந்தய வரியனின் புழு அந்நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. சிறகு பெற்ற பின்னும் அது நீங்குவதில்லை. ஒருமுறை கொத்திக் கசப்பை உணர்ந்த பறவை, அந்நிறத்தை மீண்டும் அணுகாது. அப்பூச்சி அச்சமின்றி மெதுவாகப் பறப்பதன் மருமம் இதுவே.

நஞ்சில்லாத சில பூச்சிகள் நஞ்சுள்ளவற்றின் வேடத்தைப் புனைந்து பிழைக்கின்றன. கறிவேப்பிலை அழகியின் பெண்களுள் ஒரு சாரார் ஆடுதீண்டாப்பாளையில் வளரும் சிவப்புடல் பூச்சிகளைப் போலவே நிறம் கொண்டிருத்தலைக் காணலாம். இத்தகைய போலித் தோற்றத்தை அமேசான் காட்டுப் பூச்சிகளைக் கொண்டு 1862இல் விளக்கியவர் ஆங்கிலேய இயற்கையியலாளர் என்றி வால்டர் பேட்சு. கறிவேப்பிலை அழகியின் பெண்கள் பல வடிவில் தோன்றுவதை 1865இல் ஆல்பிரட் ரசல் வாலசு எடுத்துக்காட்டினார். கடல் கடந்த அறிஞர் ஏடுகளில் இடம்பெற்ற அவ்வேடத்தை நம் கொல்லைப்புறத்திலேயே நாம் காணலாம்.

வழிப்போக்கர்கள்

பிறந்தவை மட்டுமன்றி, தொலைவிலிருந்து வருவனவும் உண்டு. நீல வரியன் முதலிய இனங்கள் பருவமழையையொட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கீழைச் சமவெளிக்கும் இடையே கூட்டங்கூட்டமாக வலசை போகின்றன. அவற்றிற்கு நம் தோட்டம் ஒரு சத்திரம். இவ்வினத்தின் ஆண்பூச்சிகள் கிலுகிலுப்பை, தேட்கொடுக்கு ஆகிய செடிகளில் மொய்த்து, வாடிய தண்டிலும் இலையிலும் உள்ள ஒருவகைப் பொருளை உறிஞ்சுகின்றன. பெண்ணை ஈர்க்கும் மணம் அதிலிருந்தே உண்டாகிறது. ஆகவே காய்ந்த செடியும் பயனற்றதன்று.

தோட்டம் அமைக்கும் முறை

வண்ணத்துப்பூச்சிக்கு உடல் வெப்பம் வெயிலாலேயே கிடைக்கிறது. காலை வெயில் படுவதும் காற்று மிகுதியாக வீசாததுமான இடம் ஏற்றது. இட்லிப்பூ எனப்படும் வெட்சி, நித்தியகல்யாணி, ஒற்றையடுக்குச் செம்பருத்தி, வாடாமல்லி, தும்பை ஆகியவை தேனுக்கு உதவும். இதழ் மிகுந்த அடுக்கு மலர்கள் நம் கண்ணுக்கு இனியவை. அவற்றுள் பலவற்றில் தேன் குறைவு, இருப்பதும் எட்டாது. உன்னிச்செடி பூச்சிகளை ஈர்ப்பது உண்மையே எனினும், காடுகளில் பரவிப் பிற செடிகளை அழிப்பதால் அதனைப் புதிதாக நடுதல் வேண்டா. ஒரு தட்டில் மணலிட்டு ஈரமாக வைத்தால், உப்புச்சத்தை நாடி ஆண்பூச்சிகள் வந்தமரும்.

இவற்றோடு உணவுச் செடியும் வேண்டும். சமையலுக்கு ஒரு கறிவேப்பிலைச் செடியெனில், புழுவுக்கு மற்றொன்று. சமையல் செடியில் புழுவைக் கண்டால் அது இருக்கும் இலையோடு கிள்ளி அடுத்த செடியில் வைத்துவிடலாம். நிலமில்லாதோர் மொட்டைமாடித் தொட்டியிலும் இதனைச் செய்யலாம். வேலியோரத்தில் ஓர் எருக்கு நிற்கட்டும். அதன் பால் கண்ணிற்படாமலும், அரளியைக் குழந்தைகளும் கால்நடைகளும் உண்ணாமலும் காத்தல் கடமை.

மருந்து தெளித்தல் அறவே கூடாது. வேப்பெண்ணெய்க் கரைசல் நமக்குத் தீங்கற்றதாயினும் புழுவுக்கு ஆகாது. அது தோலுரித்தலைத் தடுக்கும். புழுக்கள் பெருகித் தோட்டத்தையே அழித்துவிடுமோ என அஞ்ச வேண்டுவதில்லை. பறவை, சிலந்தி, எறும்பு, புழுவின் உடலிலேயே முட்டையிடும் சிறுகுளவி எனக் காவலர் பலர் உளர். தானியம் உண்ணும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்குப் புழுபூச்சிகளையே ஊட்டுகிறது. புழுவற்ற தோட்டத்தில் குருவிக்கும் இடமில்லை.

திருச்சிராப்பள்ளியில் திருவரங்கத்தை அடுத்து 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் தேன்செடியும் உணவுச்செடியும் சேர வளர்க்கும் இம்முறையிலேயே அமைந்துள்ளது. பெரும் பரப்பில் அரசு செய்வதைச் சிறுபரப்பில் இல்லங்கள் செய்ய இயலும். கல்வி நிலையங்களும் செய்ய இயலும். வளாகத்தின் ஒரு மூலையைச் செதுக்காமல் விட்டு வைத்தால் போதும். மாணவர்கள் ஒரு குறிப்பேட்டில் நாள், செடி, கண்ட நிலை ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதி வருவாராயின், சில ஆண்டுகளில் அஃதே ஊரின் இயற்கை வரலாறாகும்.

நிறைவுரை

தமிழ்நாடு அரசு 2019இல் தமிழ் மறவன் என்னும் வண்ணத்துப்பூச்சியை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. மலைக்காடுகளில் வாழும் அது நம் வீட்டு முற்றத்திற்கு வருவதில்லை. வரக்கூடியவை எளியவை: கறிவேப்பிலை அழகி, வெந்தய வரியன், வெண்புள்ளிக் கருப்பன். நாள்தோறும் கறிவேப்பிலை கிள்ளும் கை ஒரு புழுவைக் கண்டு சற்றே தயங்கி, அந்த இலையை மட்டும் விட்டு அடுத்த இலையைக் கிள்ளுமாயின், அத்தயக்கத்தில் ஓர் உயிர் பிழைக்கிறது. சிறகை விரும்புவோர் சில இலைகளை இழக்க உடன்படல் வேண்டும். இழப்பது ஒரு கைப்பிடி இலை. பெறுவதோ நம் பிள்ளைகள் தம் வீட்டிலேயே கண்டு கற்கும் ஓர் உயிரின் முழு வரலாறு.